எண்ணிக்கை கேட்கப்படுவோருக்கு ஒரு திறந்த மடல்



கம்பெனிகளிலும் வங்கிகளிலும் அரசாங்க இலாகாக்களிலும் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் புதிதாக வந்து அமர்ந்திருக்கும் உங்களை நோக்கி நாள்தோறும் எழுப்பப்படும் கேள்விகளில், மிகவும் அற்பமானதாகத் தோன்றுவது, "அந்த டேபிளில் எத்தனை ரெக்கார்டு இருக்கிறது?" என்பதுதான். கேட்பவர் அதைப் பெரிய காரியமென்று கருதிக் கேட்பதில்லை. நீங்களும் அதற்கென்று ஆலோசனை செய்வதில்லை. ஒரு வரியில் குவெரி எழுதுகிறீர்கள்; ஓர் எண் வருகிறது; அதைப் பிரதி செய்து அனுப்பிவிட்டு அடுத்த வேலையைக் கவனிக்கிறீர்கள். அந்த எண்ணோ உங்கள் கையை விட்டுப் போன பிறகு, மேலதிகாரியின் அறிக்கையில் ஏறி, அங்கிருந்து ஒரு கூட்டத்தின் திரையில் தோன்றி, ஏதோ ஒரு தீர்மானத்துக்கு ஆதாரமாகி, சில மாதங்களுக்கு அப்பால் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டு வேறோர் எண்ணைப் பெறுகையில், "முன்பு சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?" என்ற விவகாரமாக உங்கள் மேஜைக்கே திரும்பி வந்து சேருகிறது. இரண்டுமே மெய்யாக இருக்கக்கூடும் என்பதை அந்த வேளையில் எடுத்துச் சொல்லப் புகுந்தால், அது சாக்குப்போக்கு என்றே கொள்ளப்படும். ஆகையால், யாரும் யாரையும் குற்றம் சாட்டிக்கொண்டிராத ஒரு வேளையில் இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லி வைக்கலாமென்று இம்மடலை எழுதத் துணிந்தேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை என்பதை, அந்த டேபிளுக்கே உரிய ஒரு குணம்போல நாம் பாவித்து வருகிறோம். உண்மையில் அது, இன்ன கணத்தில், இன்ன நிபந்தனையோடு, இன்ன டிரான்சாக்ஷனுக்குள் நின்று பார்த்தவருக்குப் புலப்பட்டது இவ்வளவு என்று சொல்லும் ஒரு சாட்சியம். அந்த விவரங்களை அகற்றிவிட்டு எண்ணை மட்டும் அனுப்புகிற வழக்கத்திலிருந்துதான் மேற்சொன்ன விவகாரங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதலில், எதை எண்ணுகிறோம் என்பதைப் பார்ப்போம். ஒரு நூலகத்தின் உறுப்பினர் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து ரெக்கார்டுகள் இருக்கின்றன. மூவர் தொலைபேசி எண் தரவில்லையாதலால் அவர்களுக்கு நேரே அந்தப் பத்தியில் ‘நல்’ என்னும் வெறுமை நிற்கிறது. எஞ்சிய எழுவரில், கணவனும் மனைவியுமான இருவர் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். கவுண்ட் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறியை இட்டுக் கேட்டால் 10 என்று விடை வரும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டுத் தொலைபேசிப் பத்தியின் பெயரை இட்டால், வெறுமையாக உள்ள மூன்றையும் தள்ளிவிட்டு 7 என்று வரும். பத்தியின் பெயருக்கு முன்னே டிஸ்டிங்க்ட் என்பதையும் சேர்த்தால் 6 என்று வரும். மூன்று குவெரிகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. மூன்றுக்கும் கிடைக்கும் எண்களோ வெவ்வேறு கேள்விகளுக்கு உரிய விடைகள். உறுப்பினர் எத்தனை பேர், தொலைபேசி எண் தந்தவர் எத்தனை பேர், குறுஞ்செய்தி அனுப்பினால் எத்தனை இடங்களுக்குப் போகும் என்ற இம்மூன்றையும் "மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே வாக்கியத்தால் கேட்டுவிட்டுப் போகும் அதிகாரியிடம், எதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஐபிஎம் கம்பெனியின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த காட் என்பவர் 1970-ம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரையில் டேபிளைக் கணிதத்தின் கணமாகவே, அதாவது ஒரே உருப்படி இருமுறை வர இடமில்லாததாகவே கற்பனை செய்தார். பின்னால் வந்த எஸ்க்யூஎல் மொழி அந்த நியமத்தைத் தளர்த்தி, ஒரே வரி எத்தனை முறை வந்தாலும் வரலாமென்று விட்டுவிட்டது. அந்தத் தளர்வினால் விளைந்த சௌகரியமும் அதிகம். எண்ணிக்கையில் விளைந்த குழப்பமும் அதிகம்.

நட்சத்திரத்துக்குப் பதிலாக 1 என்ற இலக்கத்தை இட்டால் குவெரி வேகமாக ஓடும் என்று உங்களுக்கு யாரேனும் உபதேசம் செய்திருப்பார்கள். நேர்முகத் தேர்வுகளில்கூட இதைக் கேட்கிறார்கள் என்று கேள்வி. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு இயந்திரம் இவ்விரண்டையும் ஒரே விதமாகவே நடத்துகிறது என்று அதன் கைநூலே சொல்லியிருக்க, இந்த ஐதீகம் மட்டும் இன்னும் உயிரோடு உலவிக்கொண்டிருப்பது விநோதந்தான்.

இதைவிடக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வோர் உறுப்பினரும் எத்தனை புத்தகம் எடுத்திருக்கிறார் என்று அறிவதற்காக, உறுப்பினர் டேபிளை இரவல் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்து, உறுப்பினர்வாரியாகத் தொகுத்து, நட்சத்திரமிட்டு எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகமும் எடுக்காத உறுப்பினருக்கும் அந்த ஜாயின், இரவல் பக்கம் முழுவதும் ‘நல்’ ஆக இருக்கும் ஒரு வரியைக் கொடுக்கும்; நட்சத்திரம் வரியைத்தான் எண்ணுமாகையால், ஒன்றுமே எடுக்காதவர் ஒரு புத்தகம் எடுத்தவராக அறிக்கையில் ஏறிவிடுவார். நட்சத்திரத்தின் இடத்தில் இரவல் டேபிளின் முதன்மைச் சாவியை இட்டால் அவருக்குச் சரியாக 0 வரும். இந்தப் பிழை குவெரியை நிறுத்துவதுமில்லை, எச்சரிக்கை செய்வதுமில்லை. நூலகத்தையே மிதியாதவர்கள் எல்லாரும் வாசகர்களாகிவிட்ட அந்த அறிக்கை மிகவும் திருப்திகரமாக இருக்குமாதலால், யாரும் அதைச் சந்தேகிப்பதுமில்லை.

நிற்க. எண்ணிக்கை கேட்டால் உடனே வந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் கற்றவர்கள் அதை அறிவார்கள். டிபிஎஃப் கோப்பு ஒன்றின் தலைப்பகுதியைத் திறந்து பைட்டு பைட்டாகப் பார்த்தால், முதல் பைட்டு கோப்பின் வகையைச் சொல்லும்; அதை அடுத்த மூன்று பைட்டுகளில் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட வருஷமும் மாதமும் தேதியும் இருக்கும்; அதற்கடுத்த நான்கு பைட்டுகளில் ரெக்கார்டுகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். கோப்பில் லட்சம் ரெக்கார்டுகள் இருந்தாலும், ரெக்கவுண்ட் என்று கேட்டவுடன் அந்த நான்கு பைட்டுகளைப் பார்த்துப் பதில் வந்துவிடும். எண்ணுக்கு முன்னால் தேதியை எழுதிவைத்த அந்தப் பழைய ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம், அதை வகுத்தவர்கள் எண்ணிக்கையின் இயல்பை நம்மைவிட நன்றாக உணர்ந்திருந்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் இருந்தது. டிபேஸில் ஒரு ரெக்கார்டை டிலீட் செய்தால் அது கோப்பை விட்டுப் போவதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டின் தொடக்கத்திலும் ஒரு பைட்டு ஒதுக்கப்பட்டிருக்கும். உயிரோடிருக்கும் ரெக்கார்டுக்கு அதில் வெற்றிடமும், நீக்கப்பட்டதற்கு ஒரு நட்சத்திரக் குறியும் நிற்கும். பேக் என்ற கட்டளை கொடுத்தாலொழிய நட்சத்திரமிட்டவை அங்கேயே கிடக்கும். ரெக்கவுண்ட் அவற்றையும் சேர்த்தே சொல்லும். ஆனால் செட் டிலீட்டட் ஆன் என்று கட்டளையிட்டுவிட்டுக் கவுண்ட் என்று கேட்டால் அவற்றைத் தவிர்த்துச் சொல்லும். ஒரே கோப்பு, ஒரே நாற்காலி, ஒரே மனிதர். எண்கள் மட்டும் இரண்டு. இன்றைக்கு நீங்கள், "நிஜமாக அழிக்க வேண்டாம், ஒரு பத்தியில் அடையாளம் மட்டும் வைப்போம்" என்று தீர்மானித்து, ‘நீக்கப்பட்டது’ என்பதற்கு ஒரு பத்தி வைத்துக்கொள்கிறீர்களே, அந்த ஏற்பாடும் இந்த நட்சத்திரத்தின் சந்ததிதான். அந்த நிபந்தனையை ஒரு குவெரியில் சேர்த்தும் இன்னொன்றில் மறந்தும் எழுதுவதால் உண்டாகும் வித்தியாசங்களும் பழைய சொத்தாகவே உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல்லில் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு இயந்திரமும் டேபிளின் எண்ணிக்கையை எழுதியே வைத்திருந்தது. நிபந்தனை ஏதுமில்லாமல் கேட்டால் ஒரு கோடி ரெக்கார்டுள்ள டேபிளுக்கும் இமைப்பொழுதில் விடை கிடைக்கும். 2010-ம் வருஷத்தில் வந்த 5.5 பதிப்பில் அந்த இயந்திரத்தை ஒதுக்கி இன்னோடிபியை இயல்பான இயந்திரமாக ஆக்கியபோது, முன்பு இமைப்பொழுதில் வந்த விடை இப்போது நிமிஷக்கணக்கில் தாமதிக்கிறதே என்று அநேகர் மனம் நொந்தார்கள். புதியது பழையதைவிட மந்தமாக இருக்கலாமா என்பது அவர்களுடைய நியாயமான கேள்வி. அதற்கு விடை, சோம்பல் அன்று. நேர்மை என்றே நான் சொல்லுவேன். ஏனென்பதை ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒரு டேபிளில் 1,000 ரெக்கார்டுகள் இருக்கின்றன. ஒரு குமாஸ்தா தம் டிரான்சாக்ஷனைத் தொடங்கி 50 புதிய ரெக்கார்டுகளைச் சேர்த்திருக்கிறார். இன்னும் கமிட் செய்யவில்லை. அதே வேளையில் வேறோர் அறையில் இன்னொருவர் பழைய ரெக்கார்டுகளில் 20-ஐ நீக்கியிருக்கிறார். அவரும் கமிட் செய்யவில்லை. இப்போது முதலாமவர் எண்ணினால் அவருக்கு 1,050 வரும். இரண்டாமவர் எண்ணினால் 980 வரும். இவர்கள் இருவரும் செய்வது எதையும் அறியாத மூன்றாமவர் எண்ணினால் 1,000 வரும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளமாயின், டிஸ்கில் உள்ள வரிகளை யாராவது தனியே எடுத்து எண்ணக்கூடுமானால் 1,050 பிரதிகள் இருக்கும். அவற்றுள் 20, நீக்கும் டிரான்சாக்ஷனின் எண்ணோடு குறிக்கப்பட்டவை. இனி இருவரும் கமிட் செய்துவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். புதிதாக வந்து கேட்பவருக்கு 1,030 வரும். ஆனால் ரிபீட்டபிள் ரீட் என்னும் நிலையில் தம் டிரான்சாக்ஷனைத் திறந்து முன்பே ஒருமுறை எண்ணி வைத்திருக்கும் மூன்றாமவர் மறுபடியும் எண்ணினால், அவருக்கு அப்போதும் 1,000-தான் வரும். அவர் கண்ட உலகம் அவர் பார்க்கத் தொடங்கிய கணத்தில் நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. இவற்றுள் எந்த எண்ணைத் தலைப்பகுதியில் எழுதிவைப்பது? எதை எழுதினாலும் மற்றவர்களுக்கு அது பொய்யாகிவிடும். மைஐசாம் டிரான்சாக்ஷன் என்பதையே அறியாதது. ஒருவர் எழுதினால் டேபிள் முழுவதையும் பூட்டிக்கொண்டு எழுதுவது. ஆகவே அதற்கு ஒரே உண்மை போதுமானதாக இருந்தது. பலர் ஒரே சமயத்தில் எழுதவும் வாசிக்கவும் வேண்டுமென்று நாம் கேட்டுக்கொண்ட அன்றைக்கே, எல்லாருக்கும் பொதுவான ஒரே எண் என்ற சௌகரியத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம்.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரியோடும் கண்ணுக்குத் தெரியாத சில பத்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்மின் என்பது அந்த வரியைச் சேர்த்த டிரான்சாக்ஷனின் எண்; எக்ஸ்மேக்ஸ் என்பது அதை நீக்க முற்பட்ட டிரான்சாக்ஷனின் எண். நீங்கள் கவுண்ட் என்று கேட்டவுடன் அது வரிவரியாகப் போய், "இந்த வரி இவருக்குப் புலப்படத்தக்கதா?" என்று விசாரித்து விசாரித்து எண்ணுகிறது. 2012-ம் வருஷத்தில் வந்த 9.2 பதிப்பு முதல், தம்மிலுள்ள வரிகள் எல்லாருக்குமே புலப்படுபவை என்று வாக்குவம் என்ற துப்புரவு வேலை குறித்துவைத்த டிஸ்க் பக்கங்களுக்கு இந்த விசாரணையைத் தவிர்த்து, இண்டெக்ஸை மட்டும் பார்த்தே எண்ணிவிடும் வழி உண்டாயிற்று. ஆகையால் வாக்குவத்தைக் கவனியாத ஒரு டேபிளில் எண்ணிக்கை மந்தமாக நடந்தால், எண்ணும் குவெரியைத் திருத்துவதில் பயனில்லை. இன்னோடிபியும் முடிந்தவரை சிறிய துணை இண்டெக்ஸ் ஒன்றைத் தேர்ந்து அதன்வழியே நடந்து எண்ணுகிறது. ஆனாலும் அது நடந்தேதான் தீரவேண்டும்.

கணம் ஒன்றைக் குறித்துக்கொண்டு எண்ணும் இந்தச் சம்பிரதாயம் கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்டுபிடித்ததென்று நினைக்கவேண்டாம். 2001-ம் வருஷத்து இந்திய ஜனத்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கணக்கெடுப்பாளர்கள் பிப்ரவரி 9-ந் தேதி முதல் 28-ந் தேதி வரையில் வீடுவீடாகச் சென்றார்கள். ஆனால் அவர்கள் எண்ணியது அந்த இருபது நாள்களின் ஜனங்களை அல்ல. மார்ச் 1-ந் தேதி பிறக்கும் நள்ளிரவு 00:00 மணி என்ற ஒரே முகூர்த்தத்தில் இந்தியாவில் இருந்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி. அதற்காக மார்ச் 1 முதல் 5 வரையில் மறுசுற்று ஒன்று வைத்து, முன்பு எழுதிய வீட்டில் அந்த முகூர்த்தத்துக்குள் இறந்தவர் உண்டா, பிறந்த குழந்தை உண்டா என்று விசாரித்து, இறந்தவர் பெயரை அடித்துப் பிறந்ததைச் சேர்த்தார்கள். முகூர்த்தத்துக்குப் பின் பிறந்த குழந்தையைச் சேர்க்கவில்லை. வீடற்றவர்களை பிப்ரவரி 28-ந் தேதி இரவிலேயே எண்ணினார்கள். பனி மூடும் இமயப் பிரதேசங்களில் பிப்ரவரியில் நடமாட முடியாதாகையால், அங்கே 2000-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதியையே முகூர்த்தமாக வைத்துக்கொண்டு முன்னதாக எண்ணிவிட்டார்கள். அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் குறித்தார்கள்.

அந்தக் கணக்கெடுப்பின் இறுதி மொத்தம் இரண்டு எண்களாக வழங்குகிறது என்பது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 102 கோடியே 86 லட்சத்து 10 ஆயிரத்து 328 என்பது ஒன்று. 102 கோடியே 87 லட்சத்து 37 ஆயிரத்து 436 என்பது மற்றொன்று. மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மாவ் மாராம், பவோமாட்டா, புருல் என்ற மூன்று உட்கோட்டங்களின் கணக்கு ரத்து செய்யப்பட்டதால் அவற்றை விலக்கிச் சொல்வது முந்தையது. அவற்றுக்கு மதிப்பிட்ட தொகையைச் சேர்த்துச் சொல்வது பிந்தையது. வித்தியாசம் 1,27,108. எந்த எண்ணைப் பிரயோகித்தாலும் அருகே ஒரு குறியிட்டு அடிக்குறிப்பில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். நூறு கோடிக்கு மேற்பட்ட மனிதர்களை எண்ணியவர்கள் அடிக்குறிப்புக்கு இடம் ஒதுக்கியிருக்க, நாலாயிரம் வாடிக்கையாளர்களை எண்ணும் நாம் அதற்கு இடமில்லை என்று சொல்வது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

எண்ணுவது இவ்வளவு சிரமமாயின், எண்ணாமலே அறிய வழியில்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அதை அதன் பெயராலேயே அழைக்கவேண்டும். போஸ்ட்கிரெஸில் பிஜிகிளாஸ் என்ற அமைப்பு டேபிளில் ரெல்டியூப்பிள்ஸ் என்று ஒரு பத்தி இருக்கிறது. வாக்குவமும் அனலைஸும் ஓடும்போது அங்கே உத்தேச எண்ணிக்கை எழுதப்படுகிறது. முன்னாளில், ஒருமுறையும் பரிசீலிக்கப்படாத புதிய டேபிளுக்கு அங்கே 0 என்று நின்றது; அது காலியான டேபிளா, இன்னும் பார்க்கப்படாத டேபிளா என்று பிரித்தறிய வகையில்லை. 14-ம் பதிப்பு முதல் அத்தகைய டேபிளுக்கு -1 என்று வைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தச் சிறு திருத்தத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். ஆரக்கிளில் நம்ரோஸ் என்ற பத்தி, புள்ளிவிவரம் கடைசியாகத் திரட்டிய நாளின் கணக்கைச் சொல்லும். திரட்டிய நாளும் அங்கேயே வேறொரு பத்தியில் இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் இன்னோடிபி டேபிளுக்கு வரும் எண் 40 முதல் 50 சதவிகிதம் வரைகூட விலகியிருக்கலாம் என்று அதன் கைநூல் மனம்விட்டு ஒப்புக்கொள்கிறது. டிஸ்க் போதுமா, டேபிளைப் பிரிக்கும் காலம் வந்துவிட்டதா என்று யோசிப்பதற்கு இந்த உத்தேசமே தாராளம். சம்பளப் பட்டியலுக்கு இது ஆகாது. எந்தக் காரியத்துக்கு எந்தத் துல்லியம் என்று தீர்மானிக்காமல், எல்லாவற்றுக்கும் கடைசி இலக்கம் வரையில் எண்ணச் சொல்வது இயந்திரத்தின் காலத்தை விரயம் செய்வதாகும்; எல்லாவற்றுக்கும் உத்தேசத்தையே எடுத்துக் கொடுத்துத் துல்லியம்போல் காட்டுவதோ, அதனினும் பெரிய அபசாரம்.

வெவ்வேறானவை எத்தனை என்று எண்ணுவதில் இந்த உத்தேசக் கலை அழகான உச்சத்தை எட்டியிருக்கிறது. பிரெஞ்சு தேசத்துக் கணித அறிஞர் பிலிப் ஃபிலஜோலே, நைஜல் மார்ட்டினோடு சேர்ந்து 1985-ல் எழுதிய கட்டுரையிலும், வேறு மூவரோடு சேர்ந்து 2007-ல் ஹைப்பர்லாக்லாக் என்ற பெயரால் வெளியிட்ட முறையிலும் இதைச் சாதித்தார். வரும் ஒவ்வொரு பெயரையும் ஹாஷ் செய்து பூஜ்யங்களும் ஒன்றுகளுமான சரமாக மாற்றினால், தொடக்கத்தில் நீண்ட பூஜ்யத் தொடர் அமைவது அபூர்வம். ஆகவே கண்டவற்றுள் மிக நீண்ட தொடர் எவ்வளவு என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால், எத்தனை வெவ்வேறு பெயர்கள் வந்துபோயின என்பதை ஊகிக்கலாம். சரங்களைப் பல பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் இப்படிக் குறித்துவைத்துச் சராசரி காண்பதால் ஊகம் உறுதிப்படுகிறது. ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் இம்முறை 12 கிலோபைட்டு இடத்துக்குள் கோடானுகோடி பெயர்களை எண்ணுகிறது. திட்டப் பிழை 0.81 சதவிகிதம். அங்கே இதற்குரிய கட்டளைகள் பிஎஃப் என்று தொடங்குவது அவருடைய பெயரின் முதலெழுத்துகளை முன்னிட்டே. தம் விடையோடு தம் பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்லும் எண்ணிக்கை முறை என்ற வகையில் இதற்கு என் மனத்தில் தனி இடம் உண்டு.

இனி, எண்ணவே வேண்டாத இடங்கள் சில. "இந்த வாடிக்கையாளருக்குப் பாக்கி உண்டா?" என்பதற்கு, பாக்கிகளையெல்லாம் எண்ணி அது 0-க்கு மேற்பட்டதா என்று பார்க்கும் நிரல்களைக் காண்கிறேன்; எக்ஸிஸ்ட்ஸ் என்று கேட்டால் முதல் வரி கிடைத்த மாத்திரத்தில் விடை வந்துவிடும். வேறு சிலர் டேபிள் முழுவதையும் நிரலுக்குள் இழுத்துக்கொண்டு வந்து, பட்டியலின் நீளத்தைக் கேட்கிறார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பக்கம் பக்கமாகக் காட்டும் திரைகளில் "4,312 பக்கங்களில் முதல் பக்கம்" என்று எழுதுவதற்காக ஒவ்வொரு தடவையும் முழு டேபிளையும் எண்ணுகிறார்கள். நாலாயிரமாவது பக்கத்துக்குப் போகும் மனிதர் எங்கே இருக்கிறார்? பக்கத்துக்கு 20 வரி காட்டுவதாயின் 21 வரி கேளுங்கள். இருபத்தொன்றாவது வந்தால் அடுத்த பக்கம் உண்டு, வராவிட்டால் இல்லை.

கடைசி ரெக்கார்டின் வரிசை எண்ணையே மொத்த எண்ணிக்கையாகக் கொள்ளும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. தானாக ஏறும் அந்த எண்கள் இடைவெளியில்லாமல் வருவதாக யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. ஒரு டிரான்சாக்ஷன் எண்ணை வாங்கிக்கொண்டு பிறகு ரோல்பேக் ஆகிவிட்டால், அந்த எண் திரும்ப வழங்கப்படாது. எஸ்க்யூஎல் சர்வரில், 2012-ம் பதிப்பு முதற்கொண்டு, சர்வர் எதிர்பாராமல் நின்று மறுபடி கிளம்பினால் ஒரே தாவலாக ஆயிரம் எண்களைத் தாண்டிவிடுவதும் உண்டு. அதே எஸ்க்யூஎல் சர்வரில், பூட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நோலாக் என்ற குறிப்பைச் சேர்த்து எண்ணுபவர்கள், கமிட் ஆகாத ரெக்கார்டுகளை எண்ணுவதோடு நிற்காமல், எண்ணிக்கொண்டிருக்கையில் இடம்மாறும் வரியை இருமுறை எண்ணவோ அடியோடு விடவோ நேரிடும். அப்படி வந்த எண், எந்தக் கணத்திலும் யாருக்கும் மெய்யாக இருந்திராத எண்ணாக இருக்கக்கூடும். இம்மடலில் நான் எதையேனும் கண்டிப்போடு விலக்கச் சொல்கிறேனென்றால், கணக்கு அறிக்கைகளில் இந்த நோலாக்கைத்தான்.

ஒருவர் எண்ணிக்கையை வேறொரு சிறு டேபிளில் எழுதிவைத்து, ரெக்கார்டு சேரும்போதும் நீங்கும்போதும் டிரிக்கர் மூலம் அதைக் கூட்டிக் குறைக்கலாமே என்பார். செய்யலாம், எழுதுபவர் சிலராக இருக்குமிடத்தில் நன்றாகவே நடக்கும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுதுமிடத்தில், ஆயிரம் பேரும் அந்த ஒரே வரியின் பூட்டுக்காக வாசலில் நிற்கவேண்டிவரும்.

இறுதியாக, மாதக் கடைசியில் உங்களில் பெரும்பாலோரை வாட்டும் ஒரு சங்கடத்தைக் குறிப்பிடுகிறேன். மாவட்டவாரியாக உறுப்பினர்களை எண்ணி ஒரு பட்டியல் தயாரிக்கிறீர்கள். பிறகு மொத்தத்துக்கு இன்னொரு குவெரி ஓட்டுகிறீர்கள். மாவட்டங்களைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தவில்லை. போஸ்ட்கிரெஸில் இயல்பான ரீட் கமிட்டட் நிலையில் ஒவ்வொரு குவெரிக்கும் புதிய ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுவதால், இரண்டு குவெரிகளுக்கும் நடுவில் சேர்ந்தவர்கள் மொத்தத்தில் மட்டும் இடம்பெற்றுவிட்டார்கள். இரண்டையும் ஒரே ரிபீட்டபிள் ரீட் டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டுங்கள். அல்லது ரோலப் சேர்த்து ஒரே குவெரியில் மாவட்டங்களையும் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையின் தலைப்பில், குவெரி எந்த மணிக்கு ஓடியது, நீக்கப்பட்டவர்கள் உட்பட்டவர்களா விலக்கப்பட்டவர்களா என்ற இரண்டையும் எழுதுங்கள். ரோலப் கொடுக்கும் மொத்த வரியில் மாவட்டப் பத்தி ‘நல்’ ஆக இருக்கும். மாவட்டமே பதியப்படாத உறுப்பினர்களின் வரியிலும் அது ‘நல்’ ஆகவே இருக்கும். குரூப்பிங் என்ற சார்பைச் சேர்த்தால், மொத்த வரிக்கு 1 என்றும் மற்றவற்றுக்கு 0 என்றும் பிரித்துக் காட்டும். மாவட்டம் பதியப்படாதவர்களின் வரியை, பார்வைக்கு அலங்கோலமாக இருக்கிறதென்று பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ‘மாவட்டம் குறிக்கப்படாதவர்’ என்று பெயரிட்டு, மற்ற மாவட்டங்களோடு சேர்த்தே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலில் மூத்த ஒருவன்